அப்பா ஜாடை

எங்கள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் இறந்தார். அண்ணன் அப்பாவை உரித்து வைத்தாற்போல இருப்பான். இந்த இரண்டையும் கூட்டி, அண்ணனும் ஐம்பத்திரண்டில் போய்விடுவான் என்று எங்கள் குடும்பம் முடிவுக்கு வந்தது. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இல்லை. காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய இடத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்து, "அப்படியே அப்பன்" என்று உச்சுக் கொட்டினார்கள். அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

அப்போது அண்ணனுக்கு இருபத்துநாலு வயது, எனக்கு இருபத்தொன்று. நான் அம்மா ஜாடை. அம்மாவின் பக்கத்தில் எல்லோரும் எண்பது, தொண்ணூறு என்று இருந்தவர்கள். ஆகவே என் ஆயுசைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எனக்கும் இல்லை.

அப்பா கடலூர் முதுநகரில் நகராட்சிக் குடிதண்ணீர் மோட்டார் ஆபரேட்டர். அவருக்குக் கழுத்து திரும்பாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அது சிரமம் என்பதால் பாதி நேரம் பார்க்காமலே போய்விடுவார். "தண்ணி தொறந்து வுடுறவருக்கு இவ்ளோ திமிரு ஆவாது" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பின்னால் வரும் வண்டி தெரிவதற்காக சைக்கிளில் ஒரு பழைய ஸ்கூட்டர் கண்ணாடியைக் கட்டியிருந்தார். அதையும் பவுசு என்றுதான் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார், அப்புறம் சரியாகிவிடும். மோட்டார் ரூமில் ஈரம் ஜாஸ்தி, அதனால்தான் இப்படி என்று அவரே காரணமும் சொல்லுவார். கடைசி வருடம் நாலைந்து தடவை மயங்கி விழுந்தார். ஒருநாள் மோட்டார் ரூமில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் "ஹார்ட்" என்று ஒரே வார்த்தையில் சொன்னார்கள். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் நோயாளி. நோய்தான் இன்னும் வரவில்லை, அது வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் என்று அம்மா மற்ற ஏற்பாடுகளையெல்லாம் செய்தாள். அவன் தட்டில் உப்பு இல்லை. முட்டையில் மஞ்சள் கரு எனக்கு, வெள்ளைக் கரு அவனுக்கு. சைக்கிளை எதிர்காற்றில் மிதிக்கக் கூடாது. கேஸ் சிலிண்டரைத் தூக்கக் கூடாது, அதைத் தூக்க அம்மா ஜாடையில் ஒருத்தி இருக்கிறாள். சொந்தக்காரர் ஒருவரின் சிமெண்ட் கடையில் பில் போடும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அங்கேயும் அம்மா போய், மூட்டை பக்கம் இவனை அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். கடையில் அவனுக்கு 'ஹார்ட்டு' என்றே பெயர்.

வருடத்துக்கு ஒரு முறை ஈ.சி.ஜி. எடுப்பான். ஒவ்வொரு வருடமும் நார்மல் என்று வரும். எங்கள் வீட்டில் நார்மல் என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வைப்பான். அந்த ஃபைலைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும், அவ்வளவு கனம்.

கல்யாணப் பேச்சு வந்தபோது எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள், "அவுங்க அப்பா ஹார்ட்ல போனாராமே" என்று இழுத்தார்கள். அம்மா என்னை ட்யூப்லைட்டுக்கு அடியில் நிறுத்தித் தன் முகத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்தியாகிக் காப்பி குடித்தார்கள். நான் சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன்.

அண்ணனுக்குத்தான் நடக்கவில்லை. அம்மாவின் தம்பிக்கு ஒரு மகள் இருந்தாள், முறைப்பெண். அவளுக்கும் அவன்மேல் விருப்பம்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் இருக்கும் அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். மாமாவிடம் அம்மா கேட்டபோது, அவர் அண்ணனையே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"உனக்குக் குடுக்கறதுக்கு எனக்கு இன்னா கசக்குதா மாப்ள. நல்ல புள்ள நீ. ஆனா நீ நடந்து வரும்போது மச்சானே எழுந்து வர மாதிரி இருக்கு. என் பொண்ணு நாப்பத்தஞ்சு வயசுல பொட்டழிஞ்சி நின்னா நான் இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு."

அண்ணன் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "நீங்க சொல்றது நியாயம்தான் மாமா" என்றான். அந்தப் பெண் வடலூர்ப் பக்கம் கட்டிக்கொண்டு போனாள். அதன்பின் வந்த இரண்டு மூன்று ஜாதகங்களை அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விதவையாக்க நான் ஆள் இல்லை என்றான். ஊரில் அவனுக்கு நல்ல பெயர் வந்தது.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் மரபியல் பாடம் நடத்துகிறேன். பட்டாணிச் செடிப் பாடம். செடி நெட்டையா குட்டையா என்பது ஒரு பண்பு, விதை மஞ்சளா பச்சையா என்பது இன்னொரு பண்பு, ஒன்று வந்தால் மற்றதும் வந்தே ஆக வேண்டும் என்று இல்லை, இரண்டும் தனித்தனியாகத்தான் பிள்ளைக்குப் போகும் என்று போர்டில் கட்டம் போட்டுக் காட்டுவேன். கடைசி பெஞ்ச் வரைக்கும் புரிந்ததா என்று கேட்டு, புரியாதவனை இன்னொரு தடவை எழுதச் சொல்லுவேன். பிறகு வீட்டுக்கு வந்து முதுநகருக்குப் போன் போட்டு, "அண்ணன் ஈ.சி.ஜி. எடுத்துதாம்மா, வெயில்ல சுத்த வேணாம்னு சொல்லு" என்பேன். பட்டாணிக்கு ஒரு சட்டம், எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம். இருபத்திரண்டு வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவளுக்கு இது உறைக்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்ததுண்டு.

என் உடம்புக்கு என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு முதுகு வலி. காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் இடுப்பு மரக்கட்டையாக இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், பால் பொங்குவதற்குள் பாதி சரியாகும், இட்லி வேகுவதற்குள் மீதி. இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மகள் பிறந்தபோது சிசேரியனுக்காக முதுகில் போட்ட மயக்க ஊசி. எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெண் ஆசிரியைகள் ஏழு பேர், ஏழு பேருக்கும் முதுகு வலி, ஏழு பேருக்கும் அந்த ஊசிதான் காரணம். தமிழ்நாட்டில் இந்த ஊசி போட்ட டாக்டர்களுக்கு விழுந்திருக்கும் சாபத்தைக் கணக்கெடுத்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

கண்ணும் சிவக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு கண் மட்டும். வெளிச்சம் பட்டால் ஊசி குத்தும். மெட்ராஸ் ஐ என்று ஹெச்.எம். லீவு கொடுத்துவிடுவார். கொஞ்சம் சொட்டு மருந்து, தலைக்கு விளக்கெண்ணெய், முடிந்தது. வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டாத மெட்ராஸ் ஐ என்பதை நான் யோசிக்கவில்லை. உடம்பு சூடு என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு என் உடம்பைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், என் முகம் அவள் முகம் என்பதால் உள்ளேயும் அவளைப் போலவே இருக்கும் என்று நிம்மதியாக இருந்தாள்.

அண்ணன் ஆயுசுக்காக அம்மாவுக்குத் திருவந்திபுரத்தில் ஒரு வேண்டுதல் உண்டு. வருடாவருடம் தை மாதம் அவன் நட்சத்திரம் வரும் நாளில் கோயிலில் அவனுக்கு மொட்டை. பிறகு எதிரே இருக்கிற சின்ன மலையில் படியேறிக் கும்பிட வேண்டும், எழுபத்துச் சொச்சம் படி. ஆனால் ஹார்ட்டுக்காரன் படி ஏறக் கூடாது. ஆகவே அவனுக்குப் பதிலாக நான் ஏறுவேன். பெருமாளுக்கு இதில் ஆட்சேபணை இல்லை என்று அம்மா முன்பே தீர்மானித்துவிட்டாள். முகூர்த்த நாளாக இருந்தால் கோயிலைச் சுற்றி ஏகப்பட்ட கல்யாணம் நடக்கும். மாலையும் கழுத்துமாக ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அண்ணன் சந்தனம் பூசின மொட்டையோடு மலை அடிவாரத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். ஏறி இறங்கினால் எனக்கு முதுகு வலி குறைந்துவிடும். அம்மா அதைப் பெருமாள் கருணை என்றாள்.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு முடிய நாலு மாதம் இருந்தது. அந்த வருடம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவன் வீட்டுப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்றிவிட்டான். புதுச் சட்டை வாங்கித் தந்தால், "எதுக்குப் பாப்பா, இருக்கறதே போதும்" என்பான். எனக்கு நாற்பத்தொன்பது வயது, அவனுக்கு இன்னும் பாப்பாதான். தினமும் காலையில் அம்மா எழுந்ததும் முதல் வேலையாக அவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பாள். எழுபத்தேழு வயதில் அவளுக்கு அது ஒன்றுதான் வேலையாக இருந்தது.

அந்த வருடமும் திருவந்திபுரம் போனோம். மொட்டை ஆயிற்று. நான் ஏறினேன். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. வழக்கமான இரைப்பு இல்லை, நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டதைப் போல இருந்தது. படியில் உட்கார்ந்தேன், அப்படியே சாய்ந்தும்விட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த கல்யாணக் கூட்டத்தில் யாரோ தண்ணீர் தெளித்தார்கள்.

கண் திறந்தால் அண்ணன் நிற்கிறான். கீழே உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஏறி வந்திருக்கிறான். முப்பத்தைந்து, நாற்பது படி இருக்கும். பின்னாலேயே அம்மாவின் குரல் கேட்கிறது, "ஓடாதடா, டேய், ஓடாத." அவன் என்னைத் தூக்கி உட்காரவைத்து, "பாப்பா, இன்னா பண்ணுது, இங்க பாரு" என்றான். அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. எனக்கு அந்த நிலைமையிலும் அது கண்ணில் பட்டது. அவன் என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தான். அம்மா அவன் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார்கள். இதயத்துக்கு எக்கோ எடுத்தவர், வால்வு ஒன்று கசிகிறது, முதுகு வலி உண்டா என்று கேட்டார். வால்வுக்கும் முதுகுக்கும் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. மூட்டு, முதுகு பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார். என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பெண். அண்ணனும் ஃபைலோடு கூட வந்தான், எந்த டாக்டரைப் பார்த்தாலும் அவனுக்கு அது கையோடு வர வேண்டும்.

"முதுகு வலி எப்பலேர்ந்து மேடம்?" என்றாள்.

"சிசேரியன் ஊசி போட்டதுலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி சுத்தமா இல்லையா?"

யோசித்தேன். பி.எட். படித்தபோது ஹாஸ்டலில் காலையில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அறையில் இருந்தவர்கள் கிழவி என்று கூப்பிடுவார்கள். அது கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்னால். இத்தனை வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த மயக்க டாக்டர் நிரபராதி.

"உக்காந்தா ஜாஸ்தியா, நடந்தா ஜாஸ்தியா?"

"நடந்தா சரியாயிடும்."

"ஒரு கண்ணு மட்டும் செவக்குமா? வெளிச்சம் பாத்தா கூசுமா?"

நான் அவளையே பார்த்தேன். "குதிகால் வலிக்குமா?" என்றாள். வலிக்கும். எந்த ஜோசியரும் என்னிடம் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி?" என்றாள். அண்ணன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். கழுத்து திரும்பாது, காலையில் சுவரைப் பிடித்து நடப்பார், கடைசியில் மயக்கம், ஹார்ட். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லும் தன் வாசல்ல ஒரு தட்டு வச்சிருக்கும். உள்ள இருக்கறதுல கொஞ்சம் எடுத்து அந்தத் தட்டுல வச்சிக் காட்டும். ரோந்து சுத்துற வெள்ளை அணு அதைப் பாத்துட்டு, நம்ம ஆளா வெளியாளான்னு முடிவு பண்ணும். அந்தத் தட்டு எப்படி இருக்கணும்னு ஜீன் சொல்லுது, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு. அதுல ஒரு வகைத் தட்டு இருக்கறவங்கள்ல கொஞ்ச பேருக்கு, காவக்காரன் வீட்டுக்காரனையே திருடன்னு அடிக்க ஆரம்பிச்சிடுவான். ஏன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது. அடி விழற எடத்துல அழற்சி. முதுகு, குதிகால், கண்ணு. சில பேருக்கு இதயத்துலேர்ந்து பெரிய ரத்தக் குழாய் கெளம்புற எடம். அங்க வீங்கி வீங்கித் தழும்பாச்சுன்னா வால்வு ஒழுங்கா மூடாது. துடிப்புக்குக் கரண்ட் போற பாதை பழுதாகும், துடிப்பு மெதுவாகி மயக்கம் வரும்."

மயக்கம் என்றதும் அண்ணன் நிமிர்ந்தான். "அப்ப எங்க அப்பாவுக்கு?"

"இருக்கலாம் சார். இப்ப உறுதியா சொல்ல முடியாது. வருஷக்கணக்கா அழற்சி இருந்தா ரத்தக் குழாய்ல அடைப்பும் சீக்கிரம் வரும், கொழுப்பு மட்டுமே காரணம் கெடையாது. ரெண்டுல எது வேணாலும் ஆயிருக்கலாம்."

அழற்சி என்பது எங்கள் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி. சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்று நாலும் எழுதினால் முழு மதிப்பெண். அது நெஞ்சுக்குள் உட்கார்ந்து என் வால்வைத் தின்னும் என்று நான் நடத்தியதில்லை.

அண்ணன் ஃபைலை மேஜைமேல் வைத்தான். "மேடம், ஒரு விஷயம். நான்தான் அப்பா ஜாடை. இது அம்மா ஜாடை."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். அவன் மணிபர்சிலிருந்து அப்பாவின் போட்டோவை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். அவள் பார்த்துவிட்டு, "ரொம்பவே இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

"ஆனா சார், மூக்குக்கு வேற ஜீன், இதுக்கு வேற ஜீன். மூக்கு வந்துச்சுன்னா இதுவும் வரும்னு இல்ல. உங்களுக்கும் பாதி வாய்ப்பு, இவுங்களுக்கும் பாதி வாய்ப்பு. அந்த ஜீன் இருந்தாலும் நெறைய பேருக்கு வியாதியே வராது."

நான் இருபத்திரண்டு வருடமாக போர்டில் எழுதியதை அவள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அண்ணனை எழுந்து சுவரோரம் நிற்கச் சொன்னாள். குதிகால் சுவரில் பட, தலையின் பின்புறத்தைச் சுவரில் ஒட்டவைக்கச் சொன்னாள். ஒட்டியது. குனிந்து தரையைத் தொடச் சொன்னாள். உள்ளங்கையே பட்டது. கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள். ரப்பர் மாதிரி திரும்பியது. எனக்குத் தலைக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருந்தது. அவனுடைய ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்து, "சார், இதுல ஒண்ணுமே இல்லையே, எதுக்கு வருஷா வருஷம் எடுத்தீங்க?" என்றாள். பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி என்னைப் பார்த்தான் அண்ணன்.

எனக்கு அந்த ஜீன் டெஸ்ட் எழுதினாள். தனக்கும் எழுதச் சொல்லி அண்ணன் பிடிவாதம் பிடித்தான். தேவையில்லை என்று அவள் எவ்வளவோ சொன்னாள். இவன் கேட்கவில்லை. இரண்டு பேர் ரத்தமும் சென்னைக்குப் போயிற்று. ரிசல்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "பாப்பா என் மூஞ்சியாச்சே, அதுக்கு எப்படி வரும்? படியில வேகமா ஏறியிருக்கும், மூச்சு வாங்கியிருக்கும், அவ்ளோதான்." அப்படியே எனக்கு என்று வந்தாலும், ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல், பாட்டிலை மாற்றியிருப்பார்கள் என்றாள். அந்த வாரமும் அவள் விடியற்காலையில் எழுந்து அண்ணன் மூச்சைத்தான் பார்த்தாள். எனக்கு அப்போது வயிறு எரிந்தது, பொய் சொல்லக் கூடாது. படியில் விழுந்தவள் நான். மூச்சு நின்று போயிருந்தால் என் மூச்சுதான் நின்றிருக்கும். ஐம்பது வயதை எட்டப்போகிறவள் அம்மா என்னைப் பார்க்கவில்லையே என்று போனை வைத்துவிட்டு அழுதேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கு அண்ணன் காலையிலேயே பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்துவிட்டான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. பரீட்சை ரிசல்ட்டுக்கு வந்தவனைப் போல ஆஸ்பத்திரி பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் இரண்டு தாளையும் மேஜையில் வைத்தாள். எனக்கு இருக்கிறது. அவனுக்கு இல்லை.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னாள். அழற்சியை அடக்கப் பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எக்கோ. கசிவு இப்போதைக்கு நடுத்தரம், கூடினால் வால்வை மாற்ற வேண்டி வரும், கூடாமலும் போகலாம். முதலிலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உண்மையில் பாதி காதில் விழவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தன்னுடைய தாளை இரண்டு தடவை படித்தான். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா மேடம்?"

"இது இல்ல சார். ஒங்க வயசுல எல்லாரையும் போல சுகர், பிரஷர் பாத்துக்கங்க. அப்பா சின்ன வயசுல போனதால கொஞ்சம் கவனமா இருங்க, போதும். படி ஏறுங்க, நடங்க, மூட்டை தூக்கணும்னா தூக்குங்க."

"எத்தினி வயசு வரைக்கும்?"

அவள் சிரித்துவிட்டாள். "அது என் கையில இல்ல சார். பாக்க நல்லாத்தான் இருக்கீங்க. எழுவத்தஞ்சு, எம்பது, யார் கண்டா?"

அவன் நன்றி சொன்னான். வெளியே வந்து மருந்து டோக்கனுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் நோயைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம், முதலில் அவன் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த கத்தியை எடுத்தாகிவிட்டது. அவன் குதிக்க வேண்டாம், சிரிக்கவாவது செய்யலாம். அவன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான். பிறந்த குழந்தைக்கு எந்த மாதம் எந்த ஊசி என்று போட்டிருந்தது.

"அண்ணா, நல்ல சேதிதானே. சந்தோஷமா இருண்ணா" என்றேன்.

"சந்தோஷம்தான் பாப்பா."

அவன் உதடு மட்டும் அசைந்தது, ஏதோ கூட்டிக்கொண்டிருந்தான்.

"எம்பதுன்னா இன்னும் இருவத்தெட்டு வருஷம் இருக்கு. அப்பா செத்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எவ்ளோவோ, அவ்ளோ." என் பக்கம் திரும்பினான். பயந்துபோயிருந்தான். ஈ.சி.ஜி. எடுக்கப் போகும்போதுகூட அவன் முகத்தில் நான் அந்தப் பயத்தைப் பார்த்ததில்லை. "அவ்ளோ வருஷம் நான் இன்னா பாப்பா பண்ணுவேன்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்தும் அடங்கவில்லை. பெஞ்சில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அழுவாதம்மா, இப்ப எல்லாத்துக்கும் மருந்து வந்துடுச்சி" என்று தோளைத் தட்டினாள். அண்ணனும் பதறிப்போனான். தன் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு ஒண்ணும் ஆவாது பாப்பா. பயப்படாத. ஊசி போட்டா சரியாயிடும்னு அவுங்களே சொன்னாங்க இல்ல. நான் இருக்கேன்."

நான் எனக்காக அழவில்லை என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டினேன்.